இடது பக்கம் சாயுற ஸ்டிக்

கதவைத் தொறந்ததும் மொகத்துல அடிக்கிற ஏர்கோன் குளிரு... கூடவே உள்ள நொழையுற பக்கத்துக் கடையில வாழைப்பழம் பொரிக்கிற பீசாங் கோரேங் வாசனை. லூனாஸ் டவுன்ல இருந்த அந்த வீடியோ கேம் கடைய நெனச்சா எனக்கு மொதல்ல இதுதான் வருது.

அப்போ நான் கூலிம் பக்கம் ஒரு பேக்டரியில புதுசா சேந்திருந்தேன். காலை ஷிப்ட் முடிஞ்சா பேக்டரி பஸ் லூனாஸ்ல எறக்கி விட்டுரும். வீடு இருக்குற பாடாங் மேஹாவுக்கு அடுத்த பஸ் வர்ற வரைக்கும் நானும் கோமளாவும் எங்க நிக்கிறது? வெயில்ல காயுறதுக்கு கேம் கடை எவ்வளவோ தேவலாம்லா. கோமளா என் லைன்லயே வேலை செஞ்சவ. அவ ஏர்கோனுக்கு வந்தா. நான் பாஸ்கெட்பால் கேமுக்கு வந்தேன்.

கடையில ஒரே சட்டம்தான்... ஜெயிச்சவங்க உக்காரலாம், தோத்தவங்க எந்திரிக்கணும்.

நான் அதிகமா எந்திரிச்சது கெடையாது. பெருமைக்குச் சொல்லல...
சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்!

அந்த கேம்ல பந்து போட ரெண்டு வழி. ஒண்ணு பட்டன். அமுக்கிப் புடிச்சு, ஸ்கிரீன்ல இருக்குற ஆளு எகிறி உச்சிக்குப் போனதும் விட்டுடணும். இன்னொண்ணு வலது பக்கத்து ஸ்டிக்கு. கீழ இழுத்துப் புடிச்சு சரியான நேரத்துல விடணும். நேரா இழுத்தா பந்து நேரா போவும், கோணலா இழுத்தா அதுவும் கோணல்.

பையனுங்க எல்லாம் பட்டன்தான். "சுலபம்லா அக்கா, இதுலயே போடுங்க"ம்பானுங்க. எனக்குப் புடிக்கல. பட்டன்ல போட்டா யாரு வீட்டு காலிங் பெல்லையோ அமுக்குற மாதிரி இருக்கும். ஸ்டிக்க இழுத்தாத்தான் பந்து என் கையில இருக்குன்னு தெரியும்.

ஒரு நாள் போனா சுவத்துல பேப்பர். 'இனிமே ஸ்டிக்ல ஷூட் பண்ணக் கூடாது.'

கடைக்காரரு சேகர் அண்ணன். நேரா அவருகிட்ட போனேன்.

"என்னண்ணே இது?"

"ஸ்டிக்கு எல்லாம் ரோசாக் ஆயி கெட்டுப் போவுது தங்கச்சி. நீ இழுக்குற இழுப்புக்கு எது தாங்கும்?"

"தோத்துட்டு கன்ட்ரோலர தரையில அடிக்கிறானுங்களே, அதுக்கு ஏதாச்சும் பேப்பர் ஒட்டினீங்களா?"

கடையே சிரிச்சுச்சு. அண்ணன் சிரிக்கல. எனக்கும் வீம்பு வந்துருச்சு. "நான் ஸ்டிக்லயே உங்கள ஜெயிச்சா பேப்பர கிழிப்பீங்களா?"

"தோத்தா?"

"ஆயுசுக்கும் பட்டன்தான். ஸ்டிக்க தொடமாட்டேன்."

கோமளா என் சட்டையப் புடிச்சு இழுத்தா. "ஏய் லூசு, இந்தக் கடையில அவர யாரும் ஜெயிச்சதே இல்லடி!"

எனக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சுதான் கேட்டேன்.

சனிக்கிழமை மேட்ச். உக்கார எடம் இல்ல, சுத்தி நின்னானுங்க பையனுங்க. சேகர் அண்ணன் ஞாயமான மனுஷன், அத சொல்லியே ஆவணும். "சண்டை சரிசமமா இருக்கட்டும்"னு சொல்லி, பெட்டியப் பிரிச்சு புத்தம் புது கன்ட்ரோலர என் கையில குடுத்தாரு. எனக்கு ஒரே மெதப்பு.

மொத பந்து... வலது பக்கம் பட்டு வெளிய போச்சு.
ரெண்டாவதும் வலது பக்கம்.
அடுத்தது வளையத்தையே தொடல.

"அக்கா, பட்டன்! பட்டன்!"னு கத்துறானுங்க பின்னாடி. அண்ணன் பட்டன்ல டொக்கு டொக்குன்னு போட்டுக்கிட்டே இருக்காரு. மானம் போவுது.

பாதி ஆட்டம் முடிஞ்சு பிரேக் வந்தப்பதான் மண்டையில ஒறைச்சுச்சு.

நான் தெனம் வெளயாடுறது ஓரத்துல கெடந்த ஒரு பழைய கன்ட்ரோலர்ல. அதோட ஸ்டிக்கு இடது பக்கம் சாயும். அதனால அத எவனும் தொடமாட்டான், எனக்கும் அடிதடி இல்லாம கெடைக்கும். அது இடது பக்கம் சாயுறதால, எனக்கே தெரியாம கொஞ்சம் வலது பக்கமா இழுத்துப் பழகியிருக்கேன்! புது ஸ்டிக்கு நேராத்தான் இருக்கு. கோணல் என் கட்ட வெரல்ல.

"அண்ணே, அந்தப் பழசக் குடுங்க."

"எது... அந்த சாயுறதா? அது ரோசாக்குலா தங்கச்சி!"

"எனக்கு அதான் சரி. குடுங்கண்ணே."

கோமளா தலையில கைய வச்சுக்கிட்டா.

மாட்டினேன். இழுத்தேன். விட்டேன்... நேரா உள்ள.
அடுத்ததும் உள்ள.

பாயிண்ட் ஏற ஏற அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. கடைசியில ஒரு பாயிண்ட் பின்னாடி நான். டைம் முடியப் போவுது. தூரத்துலேர்ந்து இழுத்தேன்... மூச்ச புடிச்சுக்கிட்டு விட்டேன்...

வலை மட்டும் ஆடுச்சு.

சேகர் அண்ணன் கன்ட்ரோலரக் கீழ வச்சாரு. அப்புறம் எந்திரிச்சாரு. அவரு கடை, அவரு நாற்காலி... ஆனா சட்டம்னா சட்டம். பேப்பரப் பிச்சு என் கையில குடுத்து, "நீயே கிழி"ன்னாரு. பொடிப் பொடியா கிழிச்சேன். பஸ்ஸ விட்டுட்டோம். கோமளா திட்டிக்கிட்டே பீசாங் கோரேங் வாங்கிக் குடுத்தா.

இப்போ அந்தக் கடையில ஹேண்ட்போன் கவர் விக்கிறாங்க. நான் கல்யாணமாயி அலோர் ஸ்டார் வந்துட்டேன். சொந்தமா கேம் மெஷின் இருக்கு. பட்டனா, ஸ்டிக்கான்னு அதுவே மரியாதையா கேக்குது. பேப்பர் ஒட்ட யாரும் இல்ல. ஆன்லைன்ல யாரையோ ஜெயிக்கிறேன்... ஆனா தோத்த ஆளு எந்திரிக்கிறத பாக்க முடியல. அது ஒண்ணுதான் கொறை.

புது கன்ட்ரோலர்ல என் மொத பந்து எப்பவும் வலது பக்கம்தான் போவும். "பட்டனுக்கு மாறேன்"ம்பாரு வீட்டுக்காரரு. வாய மூடிக்கிட்டு பாருங்கன்னுடுவேன்.

வீட்டு கன்ட்ரோலரும் பழசாயிருச்சுன்னு போன வாரம் அவரே கண்டுபுடிச்சாரு. "ஏய், இதோட ஸ்டிக்கு இடது பக்கம் சாயுது. ரோசாக். தூக்கிப் போடு, வேற ஆர்டர் பண்றேன்."

வாங்கிப் பாத்தேன். இழுத்தேன். விட்டேன்.

மொத பந்தே உள்ள.

குப்பையில போட கைய நீட்டினாரு, ஒரே தட்டு தட்டி விட்டேன். இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் எனக்கு நேரா இருக்கு... இதப் போயி தூக்கிப் போடுறதா?