வெறுங்குழலும் வைட்டமின் குழலும்

மீன் ஆய்வுக்கூடத்தில் அவரைக் குடுவை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். திரவ நைட்ரஜன் குடுவையைத் திறந்து மூடும் உரிமை பதின்மூன்று வருடமாக அவர் ஒருவருக்கே இருந்தது. வேறு உரிமை எதுவும் கிடையாது. ஆண்டு ஒப்பந்த வேலை, பத்தாவது படிப்பு, கையில் குளிர் சுட்ட தழும்புகள் மூன்று.

ஆண்மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி விந்தெடுப்பார். அதற்குமுன் ஈரத்தை ஒற்றித் துடைத்துவிடுவார். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும், குளம் வந்துவிட்டதென்று நம்பி விந்தணுக்கள் நீந்தத் தொடங்கிவிடும். அரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும். எடுத்ததைக் கரைசலில் கலந்து மெல்லிய குழல்களில் அடைத்து உறைய வைப்பார். வேண்டும் நாளில் வெந்நீரில் பத்து நொடி உருக்குவார். மற்றவர்கள் குத்துமதிப்பாக எண்ணுவார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார்.

உறைந்து உருகும்போது விந்தணுவின் மெல்லிய தோலை ஆக்சிஜன் அரித்துவிடும். இரும்பு துருப்பிடிப்பது மாதிரிதான். அதைத் தடுக்க வைட்டமின் சி கலந்து பார்க்கலாம் என்று ஆய்வதிகாரி திட்டம் போட்டார். நல்ல திட்டம். நிதிக்குழு பார்வையிட வருகிறது என்றதும்தான் அவருக்குத் தாராள மனசு வந்தது. பத்து மடங்கு போடச் சொன்னார். அவ்வளவு போட்டால் கரைசல் புளித்துவிடுமே சார் என்று அக்கா கேட்டதற்கு, நீயாம்மா குடிக்கப்போறே என்றார்.

குழல்களில் அடையாளத்தை அதிகாரியே எழுதினார். வெறும் குழலுக்கு ‘வெ’, வைட்டமின் குழலுக்கு ‘வை’. கொம்பில் சுழி ஒன்றா இரண்டா என்பதுதான் வித்தியாசம்.

குழுவின் முன் அக்கா உருக்கிக் காட்டினார். பெரிய திரையில் ‘வெ’ துள்ளித் துள்ளி நீந்தியது. ‘வை’ அசையவே இல்லை. அதிகாரி இருமினார், பிறகு சிரித்தார்.

“அக்கா எழுத்தை மாத்திப் படிச்சிட்டாங்க. அதிகம் படிச்சவங்க இல்ல பாருங்க.”

குழு கருணையோடு தலையாட்டியது. நீந்தியது வைட்டமின் குழல் என்று முடிவாகி, பாராட்டும் கிடைத்தது. மருந்து செய்யாத வேலையை ஒரு பொய் செய்து முடித்தது.

மறுநாள் அக்காவின் மேசைக்கு ஒரு தாள் வந்தது. எழுத்தறியாமையால் குழல்களை மாற்றிவிட்டதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. எழுத்துத் தெரியாதவரிடம் எழுத்தில் ஒப்புதல் கேட்பது அங்கே யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

லிஃப்ட் பழுது பார்க்கும் அவர் கணவர், போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார். தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் தெரிந்தது மறந்தா போகும் என்பது அவர் கேள்வி.

“இன்னைக்கு எழுத்து தெரியாதுன்னு போடுவேன். நாளைக்கு அவர் கணக்கு தப்பினா எனக்கு எண்ணத் தெரியாதும்பாரு. அப்புறம் என்கிட்ட என்னதாங்க மிச்சம்?”

கணவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பையில் வைத்தார்.

எழுத்தைப் பற்றிய சண்டையை எழுத்தால் தீர்க்க முடியாது என்று அக்காவுக்குப் புரிந்திருந்தது. குடுவையில் அன்றைய குழல்கள் இன்னும் நாலு இருந்தன. காலையில் அதிகாரியையும் அலுவலக எழுத்தரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை உருக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த நீல லிட்மஸ் தாளில் ஒவ்வொரு சொட்டு விட்டார். ‘வெ’ பட்ட தாள் நீலமாகவே இருந்தது. ‘வை’ பட்டது சிவந்தது. மிச்சத்தை நுண்ணோக்கியில் வைத்தார். தாளைச் சிவக்க வைத்ததுதான் செத்துக் கிடந்தது.

“இந்தத் தாளுக்கும் எழுத்து தெரியாது சார். புளிப்பு மட்டும்தான் தெரியும்.”

அறிக்கை போய்விட்டதே அம்மா என்றார் அதிகாரி. உண்மைதான் நேரத்துக்கு வரத் தவறிவிட்டது என்பது மாதிரி.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. அந்த ஒப்புதல் தாளிலேயே இரண்டு லிட்மஸ் துண்டுகளையும் ஒட்டி, நடந்ததை எழுதி, எழுத்தரிடம் வரவு முத்திரை வாங்கினார். முத்திரை விழுந்துவிட்டால் தாள் கோப்பாகிவிடும்; கோப்பைக் கிழிக்க முடியாது, விசாரிக்கத்தான் வேண்டும். விசாரணையில் இருப்பவரை அது முடியும்வரை நீக்கவும் விதி இல்லை. அதிகாரியாலோ அதை முடிக்க முடியவில்லை. குற்றவாளி என்று எழுதினால் கோப்பு நிதிக்குழுவுக்குப் போகும், அந்தத் துண்டுகளைக் குழு பார்க்கும். நிரபராதி என்றால் அறிக்கை பொய். ஆகவே குற்றம் சாட்டப்பட்டதாலேயே அக்காவின் வேலை மூன்று மூன்று மாதமாக நீண்டுகொண்டிருக்கிறது. இது இரண்டாம் வருடம். ஊதிய உயர்வு மட்டும் கிடையாது.

மருந்தின் அளவும் சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாக இறங்கிவிட்டது. இப்போது ‘வை’ நிஜமாகவே நன்றாக நீந்துகிறது. வெறும் குழலில் நூற்றுக்கு நாற்பது என்றால் இதில் ஐம்பத்தைந்து. எண்ணும்போது அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மருந்து என்ன தப்பு செய்தது?

நீட்டிப்பு ஆணை வரும்போதெல்லாம், கையெழுத்துக்கு மேலே ‘குழல்களை நான் மாற்றவில்லை’ என்று ஒரு வரி எழுதுகிறார்.

இப்படியெல்லாம் எழுதுவது வழக்கம் இல்லக்கா என்று எழுத்தர் ஒவ்வொரு முறையும் தயங்குகிறார்.

“தெரியும். முத்திரையைக் குத்துங்க தம்பி.”