அடையாறு இருட்டறையில் பத்தொன்பது நிமிடம்

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. அன்றைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1996 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. அடையாறில் ஓர் ஆய்வகத்தில் நான் ஆராய்ச்சி மாணவன். மரபணுக்களை முடுக்கிவிடும் ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் புரதத்தை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், சில வாரங்களில் அதன் இரத்தத்தில் ஆன்டிபாடி உண்டாகும். அது போய்ப் புரதத்தில் ஒட்டினால் எக்ஸ்ரே பிலிமில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தால் என் உதவித்தொகை நீளும். இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எட்டு முயல்களின் இரத்தமும் காலை வாரிவிட்டது. ஃபிரீசரின் மூலையில் ‘14’ என்று முயலின் எண் மட்டும் எழுதிய சிறு இரத்தக் குழாய் ஒன்று கிடந்தது. அதையும் போட்டுப் பார்த்தேன்.

மதியம் 2.10. இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். புரதம் ஏற்றிய தாளின் மேல் பிலிமை வைத்துப் பெட்டிக்குள் மூடினேன். கோடு பதிய ஒரு நிமிடம் போதும்.

டொப்.

மேஜை மேல்தான்.

டொப்... டொப்...

கதவுக்கு வெளியே பக்கத்து மேஜை நீரஜா.

“என்னத்தப் போட்டு இடிச்சிண்டிருக்கே? உள்ளேயே குடித்தனமா?”

“நான் இடிக்கலை நீரஜா.”

“பின்னே யாரு, பேயா? சீக்கிரம் வா, நான் ஆத்துக்குப் போகணும்.”

கைக்கடிகாரத்தின் ரேடியம் முள்ளில் 2.14. பெட்டியைத் திறக்கப் போனேன். மூடி எழும்பவில்லை. மேலே ஏதோ கனம்.

தடவினேன்.

சூடு... மெத்தென்ற ரோமம்...

உள்ளங்கைக்கு அடியில் படபடவென்று ஓர் இதயம்.

கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

2.29. கனம் போய்விட்டது.

பிலிமைக் கழுவினேன். ஒரே கோடு. சரியான இடத்தில்.

மாலையே பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். உதவித்தொகை நீண்டது. மறுநாள், இன்னும் கொஞ்சம் இரத்தம் வேண்டும் என்று முயல்களைப் பார்த்துக்கொள்ளும் பிரகாசத்திடம் போனேன்.

“பதினாலா? இன்னா சார், அது மார்ச்சிலயே பூட்ச்சே. மொத ரத்தம் எடுக்கச்சொல்லவே என் கையில அடங்கிடுச்சி.”

“எத்தனை ஊசி போட்ட பிறகு?”

பிரகாசம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“ஊசியா? அதுக்கு ஒரு ஊசிகூடப் போடலியே சார்.”