கழுவி வைத்த தொட்டி

செட்சுயோ இனோகுச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். அவர் மேல் இல்லை, எங்கள் ஊர் மேல். என் மேலும்தான்.

ஜப்பானில் ஆசோ எரிமலையின் அடிவாரத்தில் மாடு வளர்ப்பவன் நான். அவர் பள்ளிக்கூடத்தில் சமையல்காரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பல் டாக்டர் காலி செய்துவிட்டுப் போன கட்டடத்தை வாங்கி, அடுக்குக் கட்டில் போட்டு, ஓர் இரவுக்கு மூவாயிரம் யென் என்று விடுதி ஆரம்பித்தார். மலை கொஞ்சம் அதிகமாகப் புகைந்தால் போதும், டிவியில் காட்டிவிடுவார்கள். பதிவு செய்தவர்கள் வரமாட்டார்கள். சாம்பல் கொட்டிய நாட்களில் ஒற்றை ஆளாக ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பெருக்குவார்.

விடுதியில் குளியல் தொட்டி கிடையாது. ஊர்ப் பொது வெந்நீர்த் தொட்டியில்தான் அவருடைய விருந்தாளிகள், பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள், குளிப்பார்கள். வெளியே உடம்பைக் கழுவிக்கொண்டு எல்லாரும் ஒரே தண்ணீரில்தான் இறங்குவோம். பதிலுக்கு, மற்ற வீடுகள் ஒரு முறை தொட்டி கழுவினால் அவர் இரண்டு முறை கழுவ வேண்டும் என்று ஊர் பேசி வைத்தது. முறை வந்த வீட்டு வாசலில் ஒரு மரப்பலகை தொங்கும். பதினோரு வருடத்தில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. அந்த வெந்நீர் இல்லையென்றால் விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான்.

மார்ச்சில் மலைச்சரிவில் காய்ந்த புல்லைக் கொளுத்துவோம். அப்போதுதான் மாடுகளுக்குப் புதுப்புல் முளைக்கும். எங்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அதனால் செட்சுயோ தன் விருந்தாளிகளைக் கேட்டுக்கொண்டு மலைக்கு அனுப்பி வைப்பார். அந்த வருடம் பலத்த காற்று. சனிக்கிழமை வேலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

ஞாயிறு மதியம் கரி பூசிய முகத்தோடு இறங்கி வந்தால், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர்த் தலைவர் குராவோக்கா குதித்தார்.

"பிடுங்கி விட்டுட்டானுங்க! அவனுங்க ஊர்ல குளிச்சு முடிச்சதும் அடைப்பைப் பிடுங்கிடுவானுங்க. அந்தப் பழக்கம் எங்க போகும்? இனிமே விடுதிக்காரங்க ஒருத்தனும் இங்க கால் வைக்கக் கூடாது!"

அதையே ஒரு அட்டையில் எழுதிக் கதவில் மாட்டியும் விட்டார். யாரும் மூச்சு விடவில்லை. நான் தலையை வேறு ஆட்டினேன்.

கை நிறையத் துண்டுகளோடு வந்த செட்சுயோ அட்டையைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"தலைவரே, பிடுங்கினதை யாராவது பார்த்தீங்களா?"

"பார்க்க வேற செய்யணுமா? வேற யாரு செய்வா?"

அவர் குனிந்து தொட்டியின் உட்புறத்தைத் தடவினார். "மூலைமுடுக்கெல்லாம் தேய்ச்சுக் கழுவியிருக்கு. பிரஷ் இன்னும் ஈரம் காயலை. என் ஆளுங்க குளிச்சது மட்டுமில்லாம, உங்களுக்காகத் தொட்டியையும் கழுவி வெச்சுட்டுப் போனாங்களா?"

அந்த நேரம் பார்த்து அவருடைய விருந்தாளிகள் ஆறு பேரும், முதுகில் நெருப்பணைக்கும் தண்ணீர்ப் பையோடு, மலையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். எங்களைவிடக் கருப்பாக இருந்தார்கள். போர்ச்சுகல்காரர் ஒருவருக்குப் பாதிப் புருவம் கருகியிருந்தது. காலை ஏழு மணியிலிருந்து எங்களோடு மலையில் நின்றவர்கள்! அங்கே குராவோக்காவே தன் கையால் அவர்களுக்குச் சோற்று உருண்டை கொடுத்திருந்தார்.

"பலகை யார் வீட்டு வாசல்ல தொங்குதுன்னு பார்த்துட்டு வருவோம், வாங்க," என்று செட்சுயோ முன்னால் நடந்தார்.

நாலு வீடு தள்ளி, குராவோக்காவின் வாசலில்தான் தொங்கியது. அவர் மனைவி ஃபுமியே கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஆமா, நான்தான் கழுவினேன். ஞாயிறு காலையில கழுவி, சாயங்காலம் வரைக்கும் காய விடணும்னு உங்க அட்டவணையில இருக்கே. புல் கொளுத்துறதைத் தள்ளி வெச்சீங்க, இதைத் தள்ளி வெக்கலையே. தேதி போட்டது நீங்க. மாத்துறதுக்கு நான் யாரு?"

குராவோக்கா தொண்டையைச் செருமினார். "சரி சரி, விடுங்க. இன்னைக்கு அவங்களும் குளிச்சுக்கட்டும்."

"இன்னைக்கு மட்டுமா?" என்றார் செட்சுயோ. "பதினோரு வருஷமா இந்த ஊர் அழுக்கைத் தேய்ச்சிருக்கேன். அந்த அட்டையை நீங்களே வந்து கழட்டுங்க. இவங்க கண்ணு முன்னாடி."

கழற்றினார். அந்த ஆறு பேருக்கும் தலைகுனிந்து வணங்கினார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

தொட்டி நிரம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. புதுத் தண்ணீரில் ஊர்ப் பெரியவர்கள்தான் முதலில் இறங்குவது வழக்கம். "இன்னைக்கு இவங்கதான் முதல்ல," என்றார் செட்சுயோ. நாங்கள் கரி முகத்தோடு வாசலில் வரிசையில் நின்றோம்.

செட்சுயோ என்னிடம் ஒரு துண்டை நீட்டினார்.

"காலையில உங்க கால்கிட்ட வந்த நெருப்பை அடிச்சு அணைச்சது அந்தப் புருவம் கருகின ஆளுதானே?"

"ஆமா," என்றேன்.

"கேட்டா சொல்றீங்க," என்றார் அவர். "அட்டையை மாட்டும்போது சொல்லியிருக்கலாமே."