தனுண்டாவில் வதனியின் இரண்டு ஏக்கர்

1987 மார்ச் 10, செவ்வாய். லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் என் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு ஹீத்ரோவுக்குப் புறப்பட்டேன். ஆறு வருஷமாகக் காணாத தங்கச்சி வதனியைப் பார்க்க ஆஸ்திரேலியப் பயணம். மூன்று கிழமையும் ஒரு வேலையும் செய்வதில்லை என்று மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தேன். பாவம், நம்பிவிட்டாள்.

மார்ச் 12, வியாழன். சிங்கப்பூர் வழியாக ஒரு முழு நாளுக்கு மேல் பறந்து அடிலெய்டில் இறங்கினேன். அங்கிருந்து வடகிழக்கே எழுபது கிலோமீற்றரில் தனுண்டா, வைனுக்குப் பெயர்போன ஊர். பஸ்சில் ஒன்றரை மணித்தியாலம்.

"வைன் குடிக்கவா போகிறீர்கள்?" என்று சாரதி கேட்டார்.

"இல்லை, தங்கச்சியிடம். அவள் அங்கே திராட்சைத் தோட்டம் செய்கிறாள்."

"தனுண்டாவிலா!" மனிதர் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கல்வீடுகள், கூரான கோபுரங்களோடு லூத்தரன் கிறிஸ்தவக் கோயில்கள், கடைப் பலகைகளில் என் வாயில் நுழையாத ஜெர்மன் பெயர்கள். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன் தங்கள் வழிபாட்டுக்குச் சொந்த நாட்டிலேயே தடை வந்ததால் கப்பலேறியவர்களின் பரம்பரை என்று சாரதி சொன்னார். அதைக் கேட்டதும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தமாதிரி இருந்தது. பேக்கரியில் வெண்ணெயும் சீனியும் மாவும் உதிர்த்துப்போட்ட ஸ்ட்ரோய்செல் கேக், துண்டு ஒரு டொலர். இரண்டு துண்டு தின்றேன்.

வதனியின் கணவன் மார்ட்டின் அந்தப் பரம்பரைதான். மாமனார் ஓட்டோவுக்கு எழுபத்திரண்டு வயது. தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. வதனி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தேத்தண்ணி ஆற முதலே விஷயம் வந்துவிட்டது.

"அண்ணை, மாமா அந்த ரெண்டு ஏக்கர் பழைய ஷிராஸ் திராட்சைக் கொடியைப் பிடுங்கப் போறார். வைன் மிஞ்சிப்போச்செண்டு, பிடுங்கினால் அரசாங்கம் காசு குடுக்குது. போன வருஷம் பூஞ்சணம் எண்டு வைன் ஆலைக்காரர் பழத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். இந்த முறை நான் பாக்கிறன் எண்டு கெஞ்சி வாங்கினனான். இதுவும் திரும்பி வந்தால் கொடி போச்சு."

ஞாயிறு மழை என்று ரேடியோ சொல்லியிருந்தது. நனைந்தால் பூஞ்சணம் பெருகும். ஞாயிறு என்றால் அந்த வீட்டில் கோயில்தான், கத்தரிக்கோலைத் தொடமாட்டார்கள். ஆகச் சனிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். கூலிக்கு வருபவர்களோ பெரிய தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள்.

"எத்தினை பேர் இருக்கிறம்?"

"உங்களோடை நாலு."

போச்சடா என் விடுமுறை!

மார்ச் 13, வெள்ளி. நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயான், எங்கள் ஐயா அங்கே பந்தல் போட்டுத் திராட்சை செய்தவர். பழத்தின் மேலுள்ள வெள்ளைப் படலம் அழிந்தால் எங்கள் சந்தையில் விலை போகாது. ஆகவே காம்பில் பிடித்து, விரல் படாமல் வெட்டி, வெடித்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் ஒவ்வொன்றாகக் கத்தரித்து, மிச்சத்தைப் பூப்போல வாளியில் அடுக்கினேன். மார்ட்டின் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், இது நசித்துப் பிழியப் போகிற பழம்! கடைக் கண்ணாடிக்குள் வைக்க இல்லை!" 'மச்சான்' வதனி பழக்கிக் கொடுத்த சொல்.

அவர்கள் நாலு வாளி நிரப்ப நான் ஒன்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. பழகின கை கேட்டால்தானே!

மத்தியானம் பக்கத்துத் தோட்டத்து லொறி ஆலையிலிருந்து பழத்தோடேயே திரும்பி வந்தது. பூஞ்சணமாம். வதனி ஓடிப்போய்த் தன் வாளியைக் கிளறினாள், மார்ட்டினுடையதைக் கிளறினாள். இரண்டிலும் சாம்பல் பூத்த குலைகள். என் வாளியில் ஒன்றும் இல்லை.

"எல்லாரும் அண்ணையைப் போல வெட்டுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினாள். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னாள். ஓட்டோ தன் வாளியைச் சாக்கின் மேல் கவிழ்த்து, முதலிலிருந்து பொறுக்கத் தொடங்கினார். மார்ட்டின் சிரிப்பதை நிறுத்தினான்.

மார்ச் 14, சனி. விடியற்காலை இறங்கினோம். உரும்பிராயில் பந்தலின் கீழ் நிமிர்ந்து நின்று வெட்டுவோம். இங்கே கொடி இடுப்பளவுதான். என் முதுகு எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. சாப்பாடும் நின்றபடிதான். பின்னேரம் நாலரைக்குக் கடைசி வாளியை டிராக்டர்ப் பெட்டியில் கொட்டினோம்.

ஆலை வாசலில் பழம் பார்க்கும் பெண் முழங்கை வரை கையை விட்டுக் கிளறினாள். இடம் மாற்றி மறுபடியும் கிளறினாள். வதனி பிடித்த பிடியில் என் கையில் நகம் பதிந்தது.

"யார் வெட்டியது?"

"நாங்கள்தான்."

"இந்தக் கிழமை வந்ததில் இதுதான் திறமான பழம். அடுத்த வருஷமும் எங்களுக்கே தாருங்கள்."

வதனி போட்ட கூச்சலுக்கு ஆலையே திரும்பிப் பார்த்தது. நானும் மார்ட்டினும் அதைவிடப் பெரிதாய்க் கத்தினோம். வென்றோம் ஐயா, வென்றோம்! ஓட்டோ தொப்பியைக் கழற்றி, மறுபக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

மார்ச் 15, ஞாயிறு. ஆராதனை முடிந்து ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. "அறுவடை எப்படி, ஓட்டோ?" என்றார் பாதிரியார். அதுவரை அந்த இரண்டு ஏக்கரை 'அந்தப் பழசு' என்று மட்டுமே சொன்ன மனிதர், வதனியின் தோளில் கை வைத்தார்.

"என் மருமகளின் தோட்டத்தைக் கேட்கிறீர்களா? அது நிற்கும். எனக்குப் பிறகும் நிற்கும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. ஆட்கள் குடையைத் தேட, வதனி கோயிலுக்கு உடுத்த சேலையோடு வெளியே இறங்கினாள். "வாங்கோ அண்ணை!"

லண்டனில் பதினான்கு வருஷமாக மழையைத் திட்டித் தீர்த்த நான், ஓடிப்போய் அவளோடு நின்று நனைந்தேன்.