அடுப்பு வண்டியின் மூடி

ஊரில் அவருக்குப் பெயர் வெந்நீர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவரைப்போல எந்நேரமும் பறப்பதைக் கண்டு யாரோ ஒரு புண்ணியவான் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு ஓய்வுபெற்றுவிட்டது. முடிதிருத்தும் கடையில் ஒரு காதுப்பக்கம் வெட்டி முடித்ததும், போர்த்திய துணியோடு எழுந்துபோய், வெளியே நிறுத்திய வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். தூக்கத்தில்கூட ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும் என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

இப்படிப்பட்டவரிடம், பொறுமையைத் தவிர வேறெதையும் கேட்காத ஒரு வாகனத்தை விதி ஒப்படைத்தது.

பெட்ரோல் குதிரைக்கொம்பாகிவிட்ட காலம். தச்சுப் பட்டறையிலிருந்து கட்டில், அலமாரிகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்பது அவர் பிழைப்பு. பட்டறையில் பெட்ரோல் இல்லையே தவிர, வெட்டிப்போட்ட மரத்துண்டுகள் மலைபோலக் கிடந்தன. ஆகவே நண்பரான வெல்டரைப் பிடித்து, வேனின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு ட்ரம் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். அதில் மரத்துண்டுகளைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, பக்கத்தில் இருக்கும் கைவிசிறியைச் சுற்ற வேண்டும். மரம் முழுசாக எரியாமல், மனக்குறை உள்ளவரைப்போல உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கி ஒரு வாயுவைக் கக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் தீக்குச்சியைக் காட்டினால் அது நீலமாகப் பற்ற வேண்டும். பற்றினால் வாயுவை எஞ்சினுக்குத் திருப்பலாம், வண்டி ஓடும். பற்றவில்லையென்றால் இன்னும் சுற்ற வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு வழியில் சும்மா நிறுத்தவும் கூடாது. எஞ்சின் இழுக்க இழுக்கத்தான் நெருப்புக்கு உயிர், நின்றால் தூங்கிவிடும்.

வெல்டர் ஒரே ஒரு விதியைத்தான் சொன்னார்.

"சூடா இருக்கறப்போ மூடியத் தொறக்காதே."

"உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்."

"தெரியாம எப்படிய்யா வண்டி ஓட்டறது?"

"உன் பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா குடும்பம் நடத்தற? போய்யா!"

வெந்நீர் அன்று மாலையே மூடியைத் திறந்தார். வெளிக்காற்று உள்ளே புகுந்து வாயுவோடு கைகோத்தது. 'டப்' என்று ஒரு தீநாக்கு எழும்பி, அவர் புருவங்களை நக்கிவிட்டுத் திரும்பியது. அறிவாளிக்கு அது போதும். நம்மவருக்கோ அதற்குப் பிறகுதான் ஆர்வம் அதிகமானது. சத்தம் சற்று மாறினால் போதும், 'அடியில் சாம்பல் அடைத்திருக்குமோ, மரம் இறங்காமல் மேலேயே சிக்கியிருக்குமோ' என்று கை பரபரக்கும். இறங்கிப்போய்த் திறப்பார். டப். பிறகு முதலிலிருந்து நெருப்பு, விசிறி, தீக்குச்சி. அவர் புருவம் முளைப்பதும் கருகுவதுமாக இருந்தது. கட்டிலுக்குக் காத்திருந்த வாடிக்கையாளர்கள், "புருவம் தப்பிச்சா சீக்கிரம் வருவாரு, இல்லேன்னா பாயை விரிச்சுப் படுத்துக்கலாம்" என்று பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் அவர் சொந்தப் புருவத்தோடு முடிந்திருந்தால் உலகத்துக்கு நஷ்டமில்லை. ஆனால் அவர் மனைவிக்கு, மேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை வேலை கிடைத்தது. வீட்டுத் திண்டாட்டத்துக்கு நடுவே, பழைய மெஷினில் பக்கத்து வீட்டுக்காரர்களின் கிழிசலைத் தைத்துத் தைத்து, அந்த அம்மாள் பல வருஷமாகக் காத்திருந்த வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தப் பக்கம் போகும் பஸ்கள் பெட்ரோல் பஞ்சத்தில் படுத்துவிட்டன. தினமும் கொண்டுபோய் விடுவதாகக் கணவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். கை நெஞ்சில் இருந்த நாள்களில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மூடிக்குப் போன நாள்களில் அம்மாள் தாமதமாகப் போனாள். தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே சொன்னார்: "இன்னொரு தடவை மணி அடிச்சப்புறம் வந்தீங்கன்னா, நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்மா."

மறுநாள் காலையில் மேட்டின் அடிவாரம் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. மரம் நன்றாகக் காய்ந்திருந்தது. முதல் தீக்குச்சியிலேயே குழாய் பற்றியது. அம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு, கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் கேக்குதா?" என்றார் வெந்நீர்.

"கேக்கல."

"ஏதோ கொட்டற மாதிரி..."

"எனக்கு நெஞ்சு கொட்டுது. அதுதான். நீங்க ஓட்டுங்க."

"மேடு ஏறணும் பாரு. மரம் இறங்காம மேலயே சிக்கியிருந்தா பாதியில நின்னுடும். ஒரே ஒரு வாட்டி பாத்துட்டா மனசுக்கு நிம்மதி."

"என்னங்க! சொல்றதக் கேளுங்க! என்னங்க..."

வண்டி ஓரங்கட்டியது. கதவு திறந்தது. டப்.

அவர் திரும்பி வந்தபோது இடது புருவம் இல்லை. முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

"ஒண்ணுமே சிக்கல. நல்லாத்தான் இருந்துது."

"இருந்துது," என்றாள் அம்மாள்.

எஞ்சின் இருமியது, விக்கியது, ஓய்ந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். விடுமுறை நாள்களில் இந்த வண்டியைச் சந்தைக்கு ஓட்டிப்போய்ப் பழக்கப்பட்டவள்தான். அப்போதெல்லாம் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து நூறு யோசனை சொல்வார், இவள் ஒன்றையும் கேட்கமாட்டாள், வண்டி ஒழுங்காகப் போய்வரும்.

"நான் சுத்தறேன்," என்று விசிறிக்கு ஓடினார் அவர்.

"நீங்க எதையும் தொட வேணாம். இந்தப் பையைப் புடிங்க. ரெண்டு கையாலயும்."

"ஒரு கையே போதுமே."

"ரெண்டு கையாலயும்."

அவள் சுற்றினாள். குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. தீக்குச்சி அதில் அணைந்தது. மறுபடி சுற்றினாள். சைக்கிளில் போன ஒருவர், "என்ன, அடுப்பு பத்தலையா?" என்று விசாரித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார். பள்ளிச் சீருடை அணிந்த பெண்கள் ஒரு கும்பலாக, "டீச்சர், வணக்கம்!" என்று கடந்துபோனார்கள். நடந்துபோகிற பிள்ளைகள் தன்னை முந்திவிட்டார்கள் என்ற எண்ணத்தில் அவள் கை இன்னும் வேகமாகச் சுழன்றது. வெந்நீர் பையை மாற்றி மாற்றிப் பிடித்தார். அதன் பித்தானைக் கழற்றினார், மாட்டினார். உள்ளே இருந்த நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார்.

"உள்ள காத்து சரியா போகுதான்னு நான் வேணா லேசா..."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சமிருந்த வலது புருவமும் கருகியிருக்க வேண்டும். அவர் அடங்கினார்.

மூன்றாவது குச்சியில் குழாய் நீலமாகப் பற்றியது. அம்மாள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். மர வாயுவுக்கு மேடென்றால் ஆகாது. வண்டி முதல் கியரில், முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல முனகிக்கொண்டு போனது. உட்கார்ந்திருந்த வெந்நீருக்குப் பொறுக்கவில்லை.

"நான் இறங்கிக்கறேன். பாரம் குறையும்."

இதில் நியாயம் இருந்ததால் அவள் மறுக்கவில்லை. "பையை வெச்சிட்டு இறங்குங்க. முன் கண்ணாடியில எனக்குத் தெரியற மாதிரி, முன்னாடியே நடங்க. பின்னாடி போகக் கூடாது."

அவ்வாறே வண்டிக்கு அருகில், அதைவிடச் சற்று வேகமாகவே, வீரநடை போட்டார். ஆள் இறங்கிய தெம்பில் வண்டி உச்சியை எட்டியது. பிறகு இறக்கம். வண்டி அவரை மெல்லக் கடந்தது. அடுத்த கணம் மெல்ல என்பதும் போய்விட்டது.

"ஏய்! நிறுத்து! நான் ஏறணும்!"

சன்னல் வழியே ஒரு கை வெளியே நீண்டது. அது நிற்கச் சொல்லவில்லை, வரச் சொல்லவுமில்லை. போய்வருகிறேன் என்றது.

நிறுத்தினால் நெருப்பு தூங்கிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான்.

அவர் ஓடினார். வாழ்நாள் முழுவதும் காரணமே இல்லாமல் ஓடியவர், முதல்முறையாகக் காரணத்தோடு ஓடினார். 'வளைவில் நின்றிருப்பாளோ? சாம்பல் அடைத்திருக்குமோ? மணி அடித்திருக்குமோ?' ஒவ்வொரு வளைவிலும் சாலை காலியாக இருந்தது. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று புரியாமல் இன்னும் வேகமாக ஓடினார்.

பள்ளிக்கூடத்து இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மரத்தடியில் வேன் நின்றது. கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்தார்.

"டீச்சர்... மணிக்கு முன்னாடியா... பின்னாடியா?" மூச்சு வாங்கியது.

"மணி அடிக்கறது நான்தாங்க. வண்டி வர்ற சத்தம் கேட்டுது, கயித்தைப் புடிச்சிட்டு நின்னேன். அவங்க உள்ள கால் வெச்சாங்க, அடிச்சேன். பெரிய டீச்சரம்மா படியில நின்னு பாத்துட்டுதான் இருந்தாங்க. ஒண்ணும் சொல்லல."

வெந்நீர் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நன்றாக மூச்சுவிட்டார். அவருடைய பார்வை மரத்தடிக்குப் போனது. இறக்கத்தில் அவ்வளவு வேகமாக வந்த வண்டி. ட்ரம்மின் நிலைமை என்னவோ.

"கொஞ்சம் கதவத் தொறங்க. வண்டிய ஒரு பார்வை பாத்துட்டு..."

"அது முடியாதுங்க," என்றார் காவலாளி. "டீச்சர் சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒத்தப் புருவத்தோட ஒரு ஆள் ஓடி வருவாரு, சாயங்காலம் வரைக்கும் வண்டிப் பக்கம் விட்டுடாதீங்கன்னு."

"சாயங்காலம் வரைக்கும் நான் என்னய்யா பண்றது?"

காவலாளி துண்டால் ஸ்டூலைத் தட்டிவிட்டு நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க."

வெந்நீர் அந்த ஸ்டூலை, மனிதகுலம் அதுவரை அவரிடம் வைத்த கோரிக்கைகளிலேயே மிகக் கொடியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். மாடியில் எங்கோ தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.