நான்கு மூலையிலும் மஞ்சள்

போன வாரம் சித்தூரில் கல்லூரி வேலை முடிந்து புத்தலப்பட்டு வீட்டுக்குத் திரும்பியபோது, சாமி படத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. கனமான அட்டை, நான்கு மூலையிலும் மஞ்சள். கூரியரில் வந்ததாம், நல்ல காரியம் என்று நைனா அங்கே வைத்திருந்தார். உறையின் மேலிருந்த பெயரைப் படித்ததும் அதைச் சாமி படத்துக்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மஞ்சளைத் தடவிய கட்டைவிரலைப் பல வருடம் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவள் நான்.

அந்தக் கட்டைவிரலுக்குச் சொந்தக்காரரைத் திருப்பதி ஆபீஸில் நாங்கள் எல்லோரும் சார் என்போம். கடலோரத்தில் யாராவது ஒரு சுவரோ, படகுத்துறையோ, நாலு குடிலோ கட்ட நினைத்தால், அதனால் கரைக்கும் கடலுக்கும் என்ன கெடுதல் வரும் என்று ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதித் தருவது எங்கள் தொழில். திருப்பதியில் கடல் ஏது என்று கேட்காதீர்கள். கடல் கண்ணில் படாத ஊரில் உட்கார்ந்து எழுதுவதுதான் சாருக்கு வசதி. ரிப்போர்ட் பைண்டிங் ஆகி வந்ததும் மேஜை மேலிருக்கும் பித்தளைச் சிமிழைத் திறந்து, மஞ்சளைக் குழைத்து, முதல் பிரதியின் நான்கு மூலையிலும் தடவுவார். பிறகு திருமலை அடிவாரத்து அலிபிரிக்குக் கொண்டுபோய், மலையேறும் முதல் படியில் வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அனுப்புவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து நான் உருகிப்போனேன். எவ்வளவு பயபக்தியான மனுஷன் என்று வீட்டில் வந்து சொன்னேன், போங்கள்.

அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு ரிசார்ட்டின் கரையில் மணல் நிற்கவில்லையாம். விருந்தாளிகள் படுத்துப் புரள இடம் வேண்டும் என்பதற்காகக் கடலுக்குள் நீட்டினாற்போல் ஒரு கற்சுவர் கட்டப் போகிறார்கள். சாரும் நானும் போனோம். போனதிலிருந்து சார் ரிசார்ட் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. இறால் வந்தது, இளநீர் வந்தது, கால் பிடித்துவிட ஆள் வந்தது. அளவெடுக்கப் படகில் போனது நான்தான். படகோட்டி பக்கத்துக் குப்பத்துக்காரர். தாத்தா காலத்தில் ஆந்திராக் கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், தமிழும் தெலுங்குமாகப் பேசுவார். அங்கே நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. ரிசார்ட் தெற்கே இருக்கிறது, குப்பம் வடக்கே. நடுவில் சுவரை நீட்டினால் மணல் ரிசார்ட் பக்கமே தேங்கிவிடும், குப்பத்துக் கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எங்கள் ஊர்க் கால்வாயில் மேல்மடைக்காரன் குறுக்கே மண் போட்டால் கீழ்மடையில் நாற்று காய்வது மாதிரிதான். இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம்.

“படகை ஏத்தி வெக்க எங்களுக்கு இந்த ஒரு கரைதான் அக்கா. அத எழுதுவீங்கதானே?” என்று படகோட்டி கேட்டார்.

எழுதுகிறேன் அண்ணா என்றேன். எழுதவும் செய்தேன். திருப்பதி திரும்பியதும் சார் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, தலைவலிக்காரர் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இன்னாம்மா நீ, சின்னதே கதா. ஒரு துக்கிணியூண்டு சுவரு. அதுக்குப் போயி குப்பம், படகுன்னு பக்கம் பக்கமா எழுதிக்கினு இருக்கியே?” சின்னதே கதா, அதாவது சின்னதுதானே. அதுதான் அவருடைய மந்திரம். படகுத்துறையும் சின்னது, குடிலும் சின்னது, சுவரும் சின்னது. ஒவ்வொன்றாகக் காட்டினால் எல்லாமே சின்னதுதான். மொத்தமாகக் கூட்டிப் பார்க்க மட்டும் விடமாட்டார். என் கண்ணெதிரிலேயே அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, பாதிப்பு மிகக் குறைவு என்று அடித்தார். அப்படியானால் என் பெயர் அதில் வேண்டாம் சார் என்றேன். “பர்வாலேது, பரவால்ல” என்று வேறொருவர் பெயரைப் போட்டுக்கொண்டார்.

பிறகு சிமிழைத் திறந்தார். அந்த மஞ்சள் வாசனை அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்குப் பிடிக்காமல் போனது. பொய் எழுதுகிறவன் எழுதித் தொலைக்கட்டும், அதற்கு ஏழுமலையானையும் கூட்டுச் சேர்ப்பது என்ன ஜென்மம்?

சுவர் எழுந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் படகோட்டி போனில் ஒரு படம் அனுப்பினார். கரை இல்லை. தென்னை வேர்கள் அந்தரத்தில் தொங்க, படகுகளை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைச் சாரிடம் காட்டினேன். கொஞ்சமாவது கூசுவார் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “இங்கயும் ஒரு சுவரு கட்டணுமே. யாரு கட்டப் போறாங்கன்னு விசாரிம்மா, ரிப்போர்ட்ட நாமளே எழுதிக்கலாம்.” கரை போனவர்களின் வயிற்றெரிச்சல் அவருக்கு அடுத்த வேலையாகத் தெரிந்தது. அன்றைக்கே அந்த ஆபீஸை விட்டு வந்துவிட்டேன்.

இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பிரித்து இடம் எங்கே என்று பார்த்தேன். அதே தீவு, அதே ரிசார்ட். கடற்கரை மணலில் மாங்கல்யதாரணம் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. தூக்கி எறியப் போனேன். “மஞ்சா வெச்சதும்மா, குப்பையில போடக் கூடாது” என்று நைனா தடுத்துவிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மனசு ஆறவில்லை.

அன்று சாயங்காலம் படகோட்டிக்குப் போன் போட்டேன். படகை விற்றுவிட்டாராம். அந்த ரிசார்ட்டிலேயே வேலையாம். விருந்தாளிகள் எழுந்து வருவதற்குள் கரை மணலைக் காலடித் தடமில்லாமல் சீராக இழுத்துவிட வேண்டுமாம். குறையாக ஒன்றும் சொல்லவில்லை. என் குரலைக் கேட்டதில் அவருக்குச் சந்தோஷம்.

“நம்ம சார் வீட்டுக் கல்யாணமாமே அக்கா, நீங்களும் வரீங்கதானே?” என்று கேட்டார். “மணமேடை போடற எடத்துல மணல நல்லா இழுத்து வெச்சிருக்கேன்.”