லிப்ட் பழுதான மூன்று கிழமைகள்

எங்கள் தொடர்மாடியின் லிப்ட் பழுதான அன்று நான் நல்ல மனநிலையில் இருக்கவில்லை. காலி வீதியில் ஒரு பாமசியில் வேலை எனக்கு. நாள் முழுவதும் நின்றபடிதான் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள். எல்லோரும் என் முகத்துக்கு நேரே இருமிக் காட்டிவிட்டுத்தான் போனார்கள். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டுக் கடல் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, லிப்டில் ஏறினால் ஏழாம் மாடி, கதவைத் திறந்தால் கதிரை என்ற ஒரே நினைப்புத்தான் எனக்கு.

வாசலில் காவலுக்கு இருப்பவர் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"மிஸ், லிப்ட் வெட நே."

வேலை செய்யவில்லையாம். எப்போது சரிவரும் என்று சிங்களத்தில் கேட்டேன். ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார். அதைத் தானே உடைத்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். அவருடன் கோபிக்க முடியாமல் படிக்கட்டுப் பக்கம் போனேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடங்கள். அந்தப் படிகளில் அன்றுதான் முதல்முறை கால் வைத்தேன். ஒடுங்கலான சீமெந்துப் படிகள். மூன்றாம் மாடியில் யாரோ பிள்ளையின் சைக்கிளைச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். நான்காம் மாடி யன்னலில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. அதைப் பார்த்து ரசிக்கும் நிலையில் நான் இல்லை. ஐந்தாம் மாடியில் மூச்சு முட்டியது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டேன். பக்கத்துக் கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் அதே இடத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை இருந்தது. எறிவதற்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எறியமுன் நான் கொஞ்சம் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இருந்துவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் நான் இருக்கும்போதே கதவு திறந்தது. நான் அவசரமாக எழும்பினேன்.

"ஒக்காருங்க அக்கா, எந்திரிக்காதீங்க. ஒங்களுக்காகத்தான் போட்டது."

கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். தெரியும் என்றால், லிப்டுக்குள் எத்தனையோ முறை பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம். இரண்டு பேரும் கதவுக்கு மேலே மாறும் இலக்கங்களைப் பார்த்தபடி நிற்போம். ஒரு சொல் கதைத்ததில்லை. அவள் ஹட்டன் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள் என்பதும், வீட்டிலிருந்தே சாரிச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

"நான் இதில இருந்தனான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி?"

"மெஷின நிப்பாட்டினா படியில போறது எல்லாம் கேக்கும் அக்கா. ரெண்டாவது மாடி டீச்சர் செருப்பத் தேச்சுத் தேச்சு வருவாங்க. நீங்க நாலாவது மாடி தாண்டினதும் 'அம்மாளாச்சி'ன்னு ஒரு சத்தம் போடுவீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவள் இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஒங்க வீட்டுக்காரர் நல்லாப் பாடுவாரு, என்ன அக்கா?" என்று கேட்டாள்.

"ஆர், எங்கட இவரோ?"

"ஆமா. கண்ணாடி போட்டவரு. ஆறரை மணிக்கு மரக்கறிப் பையோட வருவாரே, அவருதான்."

"இருபத்தாறு வருஷமாய் அவரோட இருக்கிறன். அவர் பாடி நான் ஒருநாளும் கேக்கேல்லை."

"ஆறாவது மாடி வந்ததும் நிப்பாட்டிருவாரு. அதுக்கு மேல சத்தம் வராது."

என் கணவர் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறார். பகல் முழுவதும் ஆணி, கம்பி, பைப் என்று வாடிக்கையாளர்களுடன் தொண்டை கிழியக் கதைப்பார். வீட்டுக்கு வந்தால் அவருக்கு மூன்று சொற்கள் போதும்: "ஓம்", "காணும்", "படுப்பம்". அந்த மனுசன் பாடுகிறார் என்றால் எப்படி நம்புவது? அன்று ஆறரைக்கு எங்கள் வீட்டுக் கதவோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு செருமலும் செருப்புச் சத்தமும்தான் வந்தன.

அதனால் அடுத்த நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை. தையல்காரியின் வீட்டுக்குள், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, அவள் தந்த சட்டைகளுக்குக் கொக்கி தைத்தேன். ஆறரை தாண்டியதும் அவள் மெஷினை நிறுத்தி விரலை உயர்த்தினாள்.

கீழேயிருந்து ஒரு குரல் ஏறி வந்தது. நாங்கள் கலியாணம் முடித்த காலத்தில் வானொலியில் அடிக்கடி போகும் ஒரு பழைய படப்பாட்டு. குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் பயமில்லாத குரல். இரண்டாம் மாடியில் பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. அவரும் பின்வாங்காமல் கூடவே ஏறினார். சுவர்கள் அந்தக் குரலை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தன. மூன்றாம் மாடியில் அவருக்குப் பாட்டின் சொற்கள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. பையில் என்ன இருந்ததோ அதையே ராகத்தோடு சேர்த்தார்: போஞ்சியும் கரட்டும், பூசணித் துண்டும், ஒரு றாத்தல் பாணும். தையல்காரி சட்டைக் கைக்கென்று வெட்டி வைத்த துணி ஒன்றை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.

நான் மெதுவாக வெளியே வந்து கதிரையில் இருந்தேன். அவர் "வெண்டி" என்று இழுத்தபடி படி வளைவில் திரும்பினார். என்னைக் கண்டதும் பாட்டு அந்த இடத்திலேயே நின்றது.

"என்ன, இதில இருக்கிறீர்?"

"களைச்சுப் போனன். நீங்கள் பாடுங்கோ."

"ஆர் பாடினது?"

"வெண்டிக்காயை அரைவாசியில விட்டிட்டியள்."

அவர் பையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. உள்ளே தையல் மெஷின் திடீரென்று முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது.

மிச்ச இரண்டு மாடியும் சேர்ந்து ஏறினோம்.

"ஏன் வீட்டில பாடுறேல்லை?" என்று கேட்டேன்.

"வீட்டில நீர் டிவி பாப்பீர்."

குறையாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கேயோ சுருக்கென்றது. அதைக் கண்டாரோ தெரியாது, உடனே, "படியில நல்லாய்க் கேக்குது. பாத்ரூமை விட நல்லம்," என்றார்.

"அப்ப பாத்ரூமிலயும் பாடுறனீங்களோ?"

"தண்ணியைத் திறந்துவிட்டிட்டு."

தண்ணீரை வீணாக்குகிறார் என்று எத்தனை வருடம் அந்தக் கதவில் தட்டியிருப்பேன். அதை நினைத்துச் சிரித்துச் சிரித்து, ஏழாம் மாடியில் திறப்பைப் பூட்டுக்குள் போட எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.

அதற்குப் பிறகு பின்னேரங்கள் மாறிவிட்டன. வேலை முடிந்ததும் ஐந்தாம் மாடியில் பிளேன்டீயும் கதையும். ஆறரைக்குக் கீழே இறங்கிப்போய் வாசலில் அவரைப் பிடிப்பேன். பாட்டுகளின் சொற்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் தடுமாறும் இடத்தில் நான் எடுத்துக் கொடுப்பேன். சில இடங்களில், "இல்லை, போஞ்சிதான் இதுக்குப் பொருத்தம்," என்று மறுத்துவிடுவார். ஒருநாள் இரண்டாம் மாடி டீச்சர் கதவைத் திறந்தார். சத்தம் கூடிவிட்டதென்று ஏசப்போகிறார் என்று இருவரும் ஒதுங்கி நின்றோம். "தம்பி, அந்த அடி ரெண்டு தரம் வரும். நீர் ஒருதரம்தான் பாடுறீர்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். என் கணவர் படியில் நின்று அந்த அடியை இரண்டாம் தரமும் பாடினார்.

மூன்றாம் கிழமை முடிவில் அந்தப் பாகம் வந்து சேர்ந்தது. காவல்காரர் சந்தோசத்தோடு லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களை உள்ளே விட்டார். புதுப் பொத்தான்கள் பளபளத்தன. என் கணவர் ஏழாம் இலக்கத்தை அழுத்தினார். நாங்கள் இருவரும் மேலே மாறும் இலக்கங்களைப் பார்த்தபடி நின்றோம். நான்காம் மாடி தாண்டும்போது, "பாடுங்கோவன்," என்றேன்.

"இதுக்குள்ள குரல் எடுபடாது," என்றார் கவலையோடு.

இப்போது கிழமை நாட்களில் அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு பாடுகிறார். தொடர் பார்ப்பதென்றால் நான் டிவியின் சத்தத்தைக் கூட்டவேண்டும். பெரும்பாலும் கூட்டுவதில்லை. சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போய்விட்டு வேண்டுமென்றே படியால் ஏறுகிறோம். முழங்கால் நோகிறதுதான்.

போன சனிக்கிழமை நான்காம் மாடிக்குக் கிட்ட வரும்போது றம்புட்டான் இருந்த சொப்பிங் பை கிழிந்தது. அவர் பாட்டின் நடுவில் இருந்தார். பழங்கள் ஒவ்வொரு படியாகத் துள்ளிக்கொண்டு கீழே போயின. ஒன்று கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையால் விழுந்து, எங்கோ கீழே டொக் என்றது. இருவரும் குனிந்து குனிந்து பொறுக்கியபடி இரண்டாம் மாடி வரை இறங்கினோம். இனி ஏற உடம்பில் தென்பில்லை. படியிலேயே இருந்து, யன்னலால் வந்த உப்புக் காற்றில், ஒவ்வொன்றாக உரித்துத் தின்னத் தொடங்கினோம்.

"இது நல்ல இனிப்பு," என்று ஒன்றை என்னிடம் நீட்டினார்.

உண்மையிலேயே நல்ல இனிப்பு.